கல்லும் கூழைக்கடாவும்

வெளியூர் கிளம்புகிறோம் என்றால் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடும் வழக்கம் உங்களுக்கு உண்டா, சகோதரிகளே? வெட்கப்பட வேண்டாம். எனக்கும் இருந்தது. வழியில் ஒதுங்க இடம் இருக்குமோ, இருக்காதோ என்ற பயந்தான்! அந்தப் பழக்கத்தோடு மூன்று தடவை சிறுநீரகக் கல்லும் வந்து சேர்ந்தது.

முதல் தடவை வலி வந்தது நடுநிசியில். விலாவின் பின்புறம் ஆரம்பித்து அடிவயிறு வரை முறுக்கிக்கொண்டு இறங்கியது. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. இரண்டு பிள்ளைகளைப் பெற்ற என் தோழி ஒருத்திக்கும் இந்தக் கோளாறு உண்டு. "இதற்குப் பிரசவமே தேவலை. முடிவில் ஒரு குழந்தையாவது கிடைக்கிறது!" என்பாள்.

என் கற்கள் சிறியவை. தாமாகவே வெளியேறின. 5 மில்லிமீட்டருக்கு உட்பட்டவை பெரும்பாலும் அப்படித்தான் போய்விடும். ஆனால் வலியோடு காய்ச்சலும் வந்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். ஒரு தடவை வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் மறுபடி வருகிறது. டாக்டர் எனக்கு மருந்தைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் வற்புறுத்தினார். நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டுமாம். எலுமிச்சம் பழம் நல்லது, உப்பு ஆகாது. ஊறுகாய்க்கும் அப்பளத்துக்கும் கண்ணீருடன் விடை கொடுத்தேன். 'சுண்ணாம்புச் சத்துத்தானே கல்லாகிறது?' என்று பாலையும் மோரையும் நானாகவே நிறுத்தியிருந்தேன். அது தப்பு! 2002-ல் வெளியான இத்தாலிய ஆராய்ச்சி ஒன்றில், சுண்ணாம்புச் சத்தை வழக்கம்போல் உண்டு, உப்பையும் மாமிசத்தையும் குறைத்தவர்களைவிட, சுண்ணாம்புச் சத்தைக் குறைத்தவர்களுக்கே கல் அதிகமாகத் திரும்பி வந்தது.

சரி, ஏரிக்கரைக்கு வாருங்கள். மார்கழி பிறந்தால் நாங்கள் தோழியர் நால்வரும் வேடந்தாங்கல் போவோம். சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். கரைமேல் நடந்துகொண்டே பார்க்கலாம்: நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, கூழைக்கடா! தண்ணீருக்குள் நிற்கும் மரங்கள் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்திருக்கும். எல்லாம் எச்சந்தான். இந்தப் பறவைகளுக்குச் சிறுநீர்ப்பையே கிடையாது. கழிவை யூரிக் அமிலமாக, வெள்ளைக் கூழாக வெளியேற்றிவிடுகின்றன. அதே அமிலம் நமக்குள் தங்கினால் சிலருக்குக் கல்லாகிறது. பொறாமையாக இல்லையா? எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம். அதனால்தான் பறவைகளைச் சுடக் கூடாதென்று ஊரார் 1798-லேயே செங்கற்பட்டுக் கலெக்டரிடம் உத்தரவு வாங்கினார்கள்.

சென்ற தடவை கரையில் தோழி நீட்டிய தண்ணீரை நான் வேண்டாமென்றேன்.

"ஏண்டி, நாலாவது கல்லுக்கு நாள் பார்க்கிறாயா? குடி, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள்.

குடித்தேன். பார்த்துக்கொண்டாள். திரும்பும் வழியில் ஒரு கிராமத்தில் வண்டியை நிறுத்தி, திண்ணையில் இருந்த பாட்டியம்மாளிடம் நேராகவே கேட்டுவிட்டாள். எனக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. பாட்டியோ, "இதுக்கென்னம்மா கூச்சம்? கொல்லைப் பக்கம் இருக்கு, போயிட்டு வாங்க" என்றாள். வந்ததும் ஆளுக்கொரு லோட்டா மோர் வேறு!

மோரில் உப்புக் கொஞ்சம் தூக்கல். டாக்டரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.