பேர் சொல்லாமல் விற்ற சரக்கு

மளிகைக் கடையில் எல்லாச் சரக்கையும் பேர் சொல்லிக் கேட்பார்கள். ஒரு பாக்கெட்டை மட்டும் கண்ணால் காட்டுவார்கள். நாமும் பழைய பேப்பரில் சுற்றி, மேலே கறுப்புக் கவர் போட்டுக் கொடுத்தோம். சானிட்டரி நாப்கினைத்தான் சொல்கிறோம். அமெரிக்கக் கடைக்காரர்களும் இதே சங்கடத்தைப் பட்டவர்கள்தான்.

முதல் உலகப் போரில் காயக்கட்டுக்காக கிம்பர்லி கிளார்க் கம்பெனி மரக்கூழிலிருந்து பஞ்சு போன்ற சரக்கைத் தயாரித்தது. போர்முனை நர்சுகள் அதை மாதவிலக்குக்கும் பயன்படுத்தினார்கள். போர் முடிந்து ஆர்டர் நின்றதும், 1920-களின் தொடக்கத்தில் அதுவே 'கோட்டெக்ஸ்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. கடைக்காரருக்கு வெளியே வைக்கக் கூச்சம், பெண்களுக்கு ஆண் சிப்பந்தியிடம் கேட்கக் கூச்சம். சரக்கு நகரவில்லை. பிறகு பெட்டிகளை வெற்றுத்தாளில் சுற்றி மேசைமேல் அடுக்கி, பக்கத்தில் காசு டப்பா வைத்தார்கள். காசைப் போட்டுவிட்டு எடுத்துப் போகலாம். (நம்மில் எத்தனை பேர் துணிவோம்!) 1928-ல் ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் 'மோடஸ்' விளம்பரத்தில் ஒரு சீட்டையே அச்சடித்தது. அதைக் கத்தரித்து நீட்டினால் போதும், வாய் திறக்க வேண்டாம்.

1980-ல் அங்கே டாம்பான் உபயோகித்த பெண்களுக்கு நச்சு அதிர்ச்சி நோய் வந்து உயிர்ச்சேதம் ஆயிற்று. 1982-ல் பெட்டிமேல் எச்சரிக்கை அச்சிடுவதைச் சட்டமாக்கினார்கள்.

நம் நாட்டில் 2018 ஜூலையில் நாப்கினுக்கு 12 சதவீத ஜி.எஸ்.டி. நீங்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் 2016-ன் திடக்கழிவு விதிகளில், உபயோகித்ததைச் சுற்றிப் போட உறை தருவது பற்றித் தயாரிப்பாளருக்குச் சொல்லியிருந்ததைக் கவனித்தவர்கள் குறைவு. அளவு, எண்ணிக்கை, அப்புறப்படுத்தும் விதம் எல்லாம் பாக்கெட்டில் அச்சாகி வருகிறது. வாங்குபவர் படிக்குமுன் நாமே பேப்பரால் மூடிவிடுகிறோம்.

ஒருநாள் நம் கடைக்கு ஒரு பள்ளிச் சிறுமி வந்தாள். அரிசி வாங்க வந்த ஆண்கள் போகும்வரை தூணோரம் நின்றாள். கடைப்பையன் கைக்கு வந்ததை எடுத்துச் சுற்றிக் கொடுத்தான். அவள் பிரித்துப் பார்க்கவில்லை. மறுநாள் அவள் தாயார் வந்து, "அளவு தப்புங்க, குழந்தை கேக்கப் பயந்துட்டா" என்றார். மாற்றிக் கொடுத்தோம். நமக்குத்தான் வெட்கமாகிவிட்டது.

அன்றே அந்தச் சரக்கை உள் அலமாரியிலிருந்து எடுத்தோம். அங்கே ஃபினாயில் வாடையும் ஈரமும் வேறு. இப்போது சோப்பு வரிசைக்கு எதிரே, கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. பெண்கள் எடுத்துத் திருப்பிப் பார்த்து, விலை படித்து, கல்லாவுக்குக் கொண்டு வருகிறார்கள். சுற்றித் தரச் சொன்னால் மட்டும் சுற்றுகிறோம்.