இரு நிறங்களுக்கு நடுவே ஒரு கணக்கு

கணிப்பொறித் திரையில் ‘சரி’ என்று எழுதிய ஒரு பொத்தானைப் பார்க்கிறோம். அது திரையை விட்டுச் சற்றே மேலெழும்பிப் புடைத்து நிற்பதுபோல் தோன்றுகிறது. விரலால் தடவினாலோ, கண்ணாடி எங்கும் ஒரே சமமாக வழவழவென்றுதான் இருக்கிறது! அப்படியானால் அந்தப் புடைப்பு எங்கிருந்து வந்தது?

பொத்தானின் மேல்விளிம்பு வெளிறியும், கீழே வரவரச் சிறிது சிறிதாகக் கருத்தும் இருப்பதே காரணம். வெளிச்சம் மேலிருந்து வரும் என்று நம் கண்கள் பழகியிருக்கின்றன. ஆகவே மேற்புறம் ஒளிர்ந்து அடிப்புறம் இருண்டால், ‘இது புடைத்திருக்கிறது’ என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. அதே நிறங்களைத் தலைகீழாக மாற்றினால் பொத்தான் உள்ளே அமுங்கியதுபோல் தெரியும். இவ்வாறு ஓர் உருவத்தின் உள்ளே ஒரு நிறம் மெல்ல மெல்ல மற்றொரு நிறமாக மாறும்படி நிரப்புவதைக் ‘கிரேடியன்ட்’ என்பர். நாம் அதை நிறச்சாய்வு என்று சொல்லலாம். இந்த விந்தையின் உள்ளே ஒளிந்திருப்பது நமது பத்தாம் வகுப்புக் கணக்கே என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நிறத்துக்கு மூன்று எண்கள்

கணிப்பொறிக்குச் சிவப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது. எண்கள் மட்டுமே தெரியும். திரை என்பது நுண்ணிய புள்ளிகளின் கூட்டம். கிடையாக 1920 புள்ளிகளும் நெடுக்காக 1080 புள்ளிகளும் கொண்ட திரையில் மொத்தம் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் கலவை. ஒவ்வோர் ஒளியின் அளவும் பொதுவாக 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணால் குறிக்கப்படுகிறது. மூன்றும் 0 என்றால் கருமை. மூன்றும் 255 என்றால் வெண்மை. இவ்வகையில் ஒரு கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 நிறங்கள் கிடைக்கின்றன.

நடுநிறங்கள் பிறக்கும் விதம்

இத்தனை புள்ளிகளுக்கும் நாம் ஒவ்வொன்றாக நிறம் சொல்ல வேண்டுமா? வேண்டியதில்லை. தொடக்க நிறத்தையும் முடிவு நிறத்தையும் மட்டும் சொன்னால் போதும். இடையிலுள்ளவற்றைக் கணிப்பொறி தானே கணக்கிட்டுக்கொள்ளும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். இடமிருந்து வலமாக 0 முதல் 100 வரை எண்ணிட்ட 101 புள்ளிகள் கொண்ட ஒரு செவ்வகம் இருக்கிறது. இடப்பக்க நிறம் 20, 60, 120. அது ஆழ்ந்த நீலம். வலப்பக்க நிறம் 220, 160, 120. அது சந்தனத்தை ஒத்த நிறம். சிவப்பு 20-லிருந்து 220-க்குச் செல்ல வேண்டும். வேறுபாடு 200, படிகள் 100. ஆகவே ஒவ்வொரு புள்ளிக்கும் 2 கூட்ட வேண்டும். பச்சை 60-லிருந்து 160-க்குச் செல்ல ஒவ்வொரு புள்ளிக்கும் 1 கூட்ட வேண்டும். நீலம் மாறவே இல்லை. எனவே 25-ஆம் எண்ணுள்ள புள்ளியின் நிறம் 70, 85, 120. நட்ட நடுவில் உள்ள 50-ஆம் எண்ணுக்கு 120, 110, 120.

தோழியரே, இது என்ன? 20, 22, 24, 26... இதுதானே நாம் படிக்கும் கூட்டுத் தொடர்வரிசை! முதல் உறுப்பும் பொது வித்தியாசமும் தெரிந்தால் எந்த உறுப்பையும் கண்டுபிடிக்கலாம் என்று கரும்பலகையில் கற்றோமே, அதுவே இங்கு வண்ணம் தீட்டுகிறது.

நேர்ச்சாய்வும் வட்டச்சாய்வும்

நிறம் ஒரு நேர்க்கோட்டின் வழியே மாறினால் அது நேர்ச்சாய்வு. கோட்டின் தொடக்கத்தை 0 என்றும் முடிவை 1 என்றும் கொள்வர். உருவத்திலுள்ள ஏதேனும் ஒரு புள்ளியிலிருந்து அக்கோட்டுக்குச் செங்குத்து வரைந்தால், அதன் அடி எங்கே விழுகிறதோ அந்த இடத்தின் நிறமே அப்புள்ளிக்கும் உரியது. உருவம் முக்கோணமானாலும், விண்மீனானாலும், எழுத்தேயானாலும் கணக்கு மாறாது. உருவத்தின் எல்லைக்குள் விழுந்த நிறம் மட்டும் கண்ணுக்குத் தெரியும், மற்றது தெரியாது.

நிறம் ஒரு மையத்திலிருந்து நாற்புறமும் பரவினால் அது வட்டச்சாய்வு. இங்கே உதவிக்கு வருபவர் பிதாகரஸ். மையத்திலிருந்து ஒரு புள்ளி வலப்பக்கம் 30, கீழே 40 தள்ளி இருந்தால் அதன் தூரம் 50. வட்டத்தின் ஆரம் 100 என்றால் அப்புள்ளி சரிபாதியில் நிற்கிறது. எனவே அதற்குச் சரிபாதி நிறம். மையத்தில் வெண்மையும் ஓரத்தில் செம்மையும் வைத்தால் தட்டையான வட்டம் ஒரு பந்தாக உருண்டு தோன்றும்!

நிரல் எழுதுவோரின் தூரிகைகள்

1998-இல் வந்த ஜாவா மொழிப் பதிப்பில் ‘கிரேடியன்ட் பெயின்ட்’ என்ற வசதி இருந்தது. இரு இடங்களையும் அவற்றுக்கு இரு நிறங்களையும் கொடுத்தால் அது வேலையை முடித்துவிடும். அதே ஆண்டு வந்த விண்டோஸ் 98-இல் சாளரங்களின் தலைப்புப் பட்டைகள் ஒரு நிறத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும் அழகைப் பெற்றன.

2006-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட ‘விண்டோஸ் பிரசன்டேஷன் ஃபவுண்டேஷன்’ என்னும் தொகுப்பில் இவற்றுக்குத் தூரிகை என்றே பெயர். நேர்ச்சாய்வுக்கு ‘லீனியர் கிரேடியன்ட் பிரஷ்’; வட்டச்சாய்வுக்கு ‘ரேடியல் கிரேடியன்ட் பிரஷ்’. உருவத்தின் இடது மேல்மூலை 0, 0. வலது கீழ்மூலை 1, 1. நமது வரைபடத்தாளில் மேலே செல்லச் செல்ல எண் கூடும். இங்கே கீழே செல்லச் செல்லக் கூடும். இதை மனத்தில் வைக்காவிடில் படம் தலைகீழாகிவிடும். நிறங்களை இரண்டோடு நிறுத்தாமல் இடையிடையே எத்தனை நிறுத்தங்கள் வேண்டுமாயினும் வைக்கலாம். பேருந்து வழித்தடத்தில் நிறுத்தங்கள் இருப்பதுபோல, 0-இல் சிவப்பு, 0.3-இல் மஞ்சள், 1-இல் நீலம் என்று குறிக்கலாம். சாய்வு முடிந்த பிறகும் உருவம் நீண்டிருந்தால் மூன்று வழிகள் உண்டு: கடைசி நிறத்தையே தொடரலாம்; மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம்; அல்லது கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி வரலாம்.

‘க்யூட்’ என்ற மற்றொரு தொகுப்பில், கடிகார முள் சுற்றுவதுபோல் கோணத்துக்கேற்ப நிறம் மாறும் கூம்புச் சாய்வும் இருக்கிறது.

இக்கருத்தின் வேர் இன்னும் பழையது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பிரெஞ்சு அறிஞர் ஆன்ரி கூரோ, 1971-இல் ஒரு வழியைக் கண்டார். வளைந்த பொருள்களைக் கணிப்பொறி சிறுசிறு தட்டைப் பலகைகளாகவே வரையும். அப்பலகைகளின் மூலைகளுக்கு மட்டும் ஒளியைக் கணித்து, நடுவிலுள்ளவற்றைப் படிப்படியாக நிரப்பினால், பலகைகள் மறைந்து வழவழப்பான வளைவு தோன்றியது.

இயந்திரம் அறியாதவை

கணக்கு சரியாக இருந்தால் படமும் நன்றாக இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. நீலச் சாயத்தையும் மஞ்சள் சாயத்தையும் கலந்தால் பச்சை வரும் என்பது நாம் அறிந்ததே. திரையில் நீலம் 0, 0, 255. மஞ்சள் 255, 255, 0. இவற்றின் சராசரி என்ன? மூன்றும் ஏறக்குறைய 128. அது பச்சையன்று, வெறும் சாம்பல் நிறம்! திரையில் கலப்பது ஒளி, சாயமன்று. பச்சை வேண்டுமென்றால் நடுவில் ஒரு பச்சை நிறுத்தத்தை நாமே வைக்க வேண்டும்.

இன்னொன்று: 1920 புள்ளி அகலத்தில் சாம்பல் நிறம் 100-லிருந்து 120 வரை மாறுகிறது என்று கொள்வோம். இடையில் இருப்பவை 21 அளவுகளே. ஆகவே ஒவ்வோர் அளவும் சுமார் 91 புள்ளிகளுக்கு மாறாமல் நீண்டு, மென்மைக்குப் பதிலாகப் பட்டை பட்டையாகத் தெரியும். ஒளி மாறும் இடங்களை நம் கண் மிகைப்படுத்திக் காண்கிறது என்பதை 1860-களிலேயே ஆஸ்திரிய அறிஞர் எர்ன்ஸ்ட் மாக் ஆராய்ந்திருக்கிறார். பட்டைகளின் எல்லையில் பக்கத்து நிறப் புள்ளிகளைக் கலந்து தூவினால் இக்குறை மறையும்.

படிக்க முடியாத அழகு

எல்லாவற்றிலும் முக்கியமானது எழுத்து. சாம்பல் 60-லிருந்து சாம்பல் 200 வரை மாறும் ஒரு பட்டையின்மேல் வெள்ளை எழுத்துகளை எழுதுகிறோம். இருண்ட முனையில் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி விகிதம் ஏறக்குறைய 11-க்கு 1. நடுவில் அது 4-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. வெளிறிய முனையில் 2-க்கு 1 கூட இல்லை. வலைப்பக்கங்களுக்கென 2008-இல் வெளிவந்த பன்னாட்டு நெறிமுறை, சாதாரண அளவு எழுத்துகளுக்குக் குறைந்தது 4.5-க்கு 1 வேண்டும் என்கிறது. ஆகவே வாக்கியத்தின் தொடக்கம் தெளிவாகவும் முடிவு மங்கியும் போகும். நமக்கு அது சிறு தொல்லை. கண்புரை உள்ள ஒரு பாட்டிக்கோ, ‘சம்மதம்’, ‘ரத்து’ என்னும் இரண்டில் எதை அழுத்துகிறோம் என்பதே தெரியாமற் போய்விடும். எனவே நிறச்சாய்வின்மேல் எழுதும்போது எழுத்து எங்கே மிக மங்கலாகிறதோ அந்த இடத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். நன்றாகத் தெரியும் இடத்தைப் பார்த்துத் திருப்தி அடைவது சோதனையாகாது.

இரு முனைகளைக் கொடுத்தால் நடுவை நிரப்பித் தரும் ஆற்றல் இயந்திரத்துக்கு உண்டு. ஆனால் அந்த நடு அழகாயிருக்கிறதா, பிறர் படிக்கத்தக்கதாயிருக்கிறதா என்று பார்க்கும் கண் அதற்கில்லை. அது நம்மிடமே இருக்கிறது. நம்முள் சிலர் நாளை கணிப்பொறிக்கு நிரல் எழுதச் செல்வோம். அன்று கூட்டுத் தொடர்வரிசையை மட்டுமன்றி, திரைக்கு எதிரே கண்ணைச் சுருக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் அந்தப் பாட்டியையும் நினைவில் கொள்வோமாக!