போட்ட பணம் பத்திரமா?
சின்ன பாங்கியை எடை போடுவது எப்படி?

கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு விளைகிறது. கீழே கள்ளக்குறிச்சி பக்கம் கரும்பு விளைகிறது. அறுவடை முடிந்ததும் கையில் நாலு காசு வருகிறது. அதை எங்கே போட்டு வைப்பது?

மலைக் கிராமங்கள் பலவற்றில் இருந்து பெரிய பாங்கிக்குப் போக பஸ் ஏற வேண்டும். கூட்டுறவு சங்கமோ பக்கத்தில் இருக்கிறது. பயிர்க் கடன் தருவது அதுதான். உரம் தருவதும் அதுதான். செயலாளரும் தெரிந்தவர். "பணத்தையும் அங்கேயே போட்டால் என்ன?" என்று தோன்றும்.

போடலாம். ஆனால், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் ஆயிற்றே! போடும் முன் சில கேள்விகளைக் கேட்க வேண்டும்.

பாங்கி வேறு, சங்கம் வேறு!

முதல் கேள்வி: அது பாங்கியா, சங்கமா?

ரிசர்வ் பாங்கியிடம் லைசென்சு வாங்கியதுதான் பாங்கி. மாவட்ட மத்திய கூட்டுறவு பாங்கியும், நகரக் கூட்டுறவு பாங்கியும் அப்படிப்பட்டவை. கிராமத்தில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கம் பாங்கி அல்ல. அது உறுப்பினர்களின் சங்கம். இப்படிப்பட்ட சங்கங்கள் 'பாங்கி' என்று பெயர் போட்டுக் கொள்ளக் கூடாது என்று 2021 நவம்பரில் ரிசர்வ் பாங்கி எச்சரித்தது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பெரிய விஷயம் இருக்கிறது!

1960-ஆம் ஆண்டு கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் பாங்கி மூடப்பட்டது. பணம் போட்டவர்கள் தவித்தார்கள். அதன் பிறகுதான் டெபாசிட்டுக்கு இன்ஷ்யூரன்ஸ் சட்டம் வந்தது. 1962 ஜனவரி 1 முதல் அது அமலுக்கு வந்தது. அப்போது ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை பாதுகாப்பு. 2020 பிப்ரவரி முதல் அது 5 லட்சம் ரூபாய்.

இந்த 5 லட்சம் அசலும் வட்டியும் சேர்ந்தது. ஒரே பாங்கியில் நாலு கிளைகளில் போட்டாலும் ஒரே கணக்குதான். கணவன் பெயரில் தனியாகவும், மனைவி பெயரில் தனியாகவும் போட்டால் ஆளுக்கு 5 லட்சம் உண்டு.

கூட்டுறவு பாங்கிகளுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனால், கிராமக் கடன் சங்கத்துக்கு இது கிடையாது. அங்கே போடும் பணத்துக்குக் காவல், அந்தச் சங்கத்தின் பலம்தான்.

கொடுத்த கடன் திரும்புகிறதா?

அந்தப் பலத்தை எப்படி அறிவது? கட்டடத்தைப் பார்த்து அல்ல. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் தெரிந்து விடும்.

ஒரு சங்கம் 100 ரூபாய் கடன் கொடுத்து இருக்கிறது. அதில் 10 ரூபாய் திரும்பி வராது. சங்கத்தின் சொந்தப் பணம், அதாவது பங்குத் தொகையும் சேம நிதியும் சேர்ந்து, 15 ரூபாய் இருக்கிறது. நஷ்டத்தை அது தாங்கிக் கொள்ளும். பணம் போட்டவருக்குச் சேதம் இல்லை.

சொந்தப் பணம் 5 ரூபாய்தான் என்றால்? மீதி 5 ரூபாய் யார் தலையில் விழும்? பணம் போட்டவர் தலையில்தான்!

ஆகவே, இரண்டு விவரம் தெரிய வேண்டும். தவணை தவறிய கடன் எவ்வளவு? சொந்தப் பணம் எவ்வளவு? இந்த ஒரு வருடத்துக் கணக்கு மட்டும் போதாது. மூன்று வருடக் கணக்கைப் பாருங்கள். தவணை தவறிய கடன் வருடா வருடம் ஏறினால், உஷார்!

ஒருவருக்கே கடனா?

மும்பையில் பி.எம்.சி. கூட்டுறவு பாங்கி இருந்தது. 2019 செப்டம்பரில் அதன்மீது ரிசர்வ் பாங்கி தடை போட்டது. லட்சக் கணக்கில் பணம் போட்டவரும் முதலில் 1,000 ரூபாய்தான் எடுக்க முடிந்தது! காரணம், அந்த பாங்கி கொடுத்த கடனில் 70 சதவீதத்துக்கு மேல் ஒரே கட்டட நிறுவனக் கூட்டத்துக்குப் போய் இருந்தது. பொய்க் கணக்குகளைக் காட்டி அது மறைக்கப்பட்டு இருந்தது.

கடன் பலருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டதா, ஒரு சிலருக்கே போனதா என்று கேட்பது இதனால்தான். நிர்வாகிகளின் உறவினருக்கே கடன் போனால் இன்னும் ஆபத்து.

கேட்கும் உரிமை

பி.எம்.சி. பாங்கி மும்பையில் பல கிளைகள் கொண்டது. உள்ளே நடந்தது பணம் போட்டவர்களுக்குத் தெரியவில்லை. கிராமச் சங்கம் அப்படி அல்ல. யார் கடன் வாங்கினார், யார் கட்டவில்லை என்று ஊருக்கே தெரியும்.

கூட்டுறவின் பலமே அதுதான். 1904-இல் கூட்டுறவு சட்டம் வந்தது. அந்த ஆண்டே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திரூரில் கடன் சங்கம் ஏற்பட்டது. கந்து வட்டியில் இருந்து விவசாயி தப்ப, ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள் சேர்ந்து நடத்துவதே அதன் நோக்கம்.

சங்கத்தில் ஒரு பங்கு வைத்து இருப்பவருக்கும் ஒரு ஓட்டு. நூறு பங்கு வைத்து இருப்பவருக்கும் ஒரு ஓட்டுதான். பேரவைக் கூட்டத்தில் வரவு செலவு வைக்கப்படும். தணிக்கை அறிக்கையும் வைக்கப்படும். அதில் சங்கத்துக்கு எந்த வகுப்பு கொடுத்து இருக்கிறார்கள் என்று கேளுங்கள். படிக்கத் தெரியாதவர், படித்த பிள்ளையைக் கூட்டிப் போகலாம்.

கணக்கைக் காட்டத் தயங்கினால், பணம் போடுவதற்கு நீங்களும் தயங்குங்கள். கூட்டுறவு துணைப் பதிவாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

மறக்க வேண்டாம்!

பணம் கட்டியதும் ரசீது வாங்குங்கள். முத்திரையும் கையெழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ் புத்தகத்தைச் செயலாளரிடமே விட்டு வராதீர்கள். ஊரில் எவரும் தராத வட்டியை ஒருவர் தருகிறேன் என்றால், அவர் அதை எங்கே இருந்து கொண்டு வருவார் என்று கேளுங்கள்.

சங்கத்தில் கொஞ்சம், இன்ஷ்யூரன்ஸ் உள்ள பாங்கியில் கொஞ்சம் என்று பிரித்துப் போடுவது நல்லது. கல்யாணத்துக்கு வைத்த பணம் பாங்கியிலேயே இருக்கட்டும்.