பேட்டரி மாத்துறதுக்கு முன்னாடி மீட்டர் வச்சுப் பாருங்க



சில மாதங்களுக்கு முன்பு திருவேற்காட்டில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எல்லோரும் கடன் தவணை கட்டி பாஸ்புக்கில் வரவு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓர் அக்கா மட்டும் பாஸ்புக்கை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். என்னக்கா என்று கேட்டதற்கு, "வண்டிக்கு பேட்டரி போட்டுட்டேன் மேடம். இந்த மாசம் தவணைக்குக் கையில ஒண்ணுமில்ல" என்றார்.

குழுக் கடனோடு நகையையும் அடகு வைத்து ஒரு பழைய மஞ்சள் போர்டு கார் வாங்கியவர் அவர். அவரும் வீட்டுக்காரரும் மாறி மாறி ஓட்டுகிறார்கள். செவ்வாய், வெள்ளியில் கருமாரியம்மன் கோயிலுக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்கினாலே தவணைக் காசு வந்துவிடும். ஆனால் ஐந்து மாதத்துக்கு முன்புதான் ரூ.4,800 கொடுத்து புது பேட்டரி போட்டிருந்தார். மறுபடி காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. மெக்கானிக் வந்து பார்த்து, "பேட்டரி வீக்குக்கா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அடுத்த பேட்டரியும் வாங்கியாயிற்று. (வாரண்டி அட்டையைத் தொலைத்துவிட்டார், அது தனிக் கதை. அட்டையை பாஸ்புக்கோடு சேர்த்து வையுங்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது!)

எனக்கு அங்கேதான் சந்தேகம் வந்தது. நல்ல பேட்டரி சாதாரணமாக ஐந்து மாதத்தில் சாகாது. பேட்டரி "வீக்" ஆக இருக்கிறது என்பது வேறு, பேட்டரி கெட்டுப்போய்விட்டது என்பது வேறு.

பேட்டரியை நம்ம குழு உண்டியல் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அது பணம் சம்பாதிக்காது, வந்ததை வைத்திருக்கும், கேட்டால் கொடுக்கும், அவ்வளவுதான். வண்டியில் சம்பாதிக்கிற ஆள் ஆல்டர்னேட்டர். இன்ஜின் ஓடும்போது பெல்ட் அதைச் சுற்ற வைக்கும், அது மின்சாரம் தயாரித்து லைட்டு, ஹாரன், ஃபேனுக்கும் கொடுத்து, மிச்சத்தை பேட்டரியில் ஏற்றும். மாதாமாதம் சேமிப்பு வராமல் உண்டியல் காலியானால், உண்டியலை மாற்றி என்ன பிரயோஜனம்? புது உண்டியலும் கொஞ்ச நாளில் காலிதான்.

நம்ம பக்கத்து மெக்கானிக்குகள் பலர் ஆல்டர்னேட்டரை இன்னும் "டைனமோ" என்றுதான் சொல்வார்கள். பழைய அம்பாசிடர் காலத்தில் இருந்தது நிஜமாகவே டைனமோதான், பேர் அப்படியே நின்றுவிட்டது. நமக்குப் பக்கத்தில் பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் கம்பெனியில் தயாராவது இந்த ஆல்டர்னேட்டரும் செல்ஃப் மோட்டாரும்தான். பாடி பக்கம் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். ஆல்டர்னேட்டருக்குள் ரெகுலேட்டர் என்று ஒரு சின்ன சாமான் இருக்கிறது. இன்ஜின் வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் வோல்டேஜ் கிட்டத்தட்ட 14ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை.

இதையெல்லாம் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மல்டி மீட்டர் வேண்டும். எலக்ட்ரிக்கல் கடையில் ரூ.300க்குள் சாதாரண மீட்டர் கிடைக்கும். கறுப்பு வயரை "காம்" என்று போட்ட ஓட்டையிலும், சிவப்பு வயரை "வி" என்று போட்ட ஓட்டையிலும் சொருகுங்கள். "10 ஏ" என்று போட்ட ஓட்டையில் சிவப்பு வயரை மறந்தும் சொருகாதீர்கள். அப்படியே பேட்டரியில் வைத்தால் தீப்பொறி பறந்து மீட்டரே போய்விடும். திருகியை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும், கறுப்பை மைனஸிலும் வைத்தால் எண் தெரியும்.

முதலில் காலையில், வண்டி எடுக்கும் முன்பு பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. 12 வோல்ட் பேட்டரி என்கிறோமே, 12 காட்டினால் சரிதானே என்று நிறைய பேர் ஏமாந்துபோகிற இடம் இதுதான். உள்ளே ஆறு அறைகள், நிறைந்திருந்தால் அறைக்கு 2.1 வோல்ட். ஆறையும் கூட்டினால் 12.6.

அடுத்து, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். இன்ஜின் சுற்றும் நேரத்தில் எண் இறங்கும், அது இயல்புதான். 10க்குப் பக்கத்தில் நின்றால் நல்லது. நன்றாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியும் 9.6க்குக் கீழே விழுந்தால் அது கெட்டுப்போன பேட்டரிதான், மாற்றத்தான் வேண்டும். ஆனால் சார்ஜ் இல்லாத பேட்டரியில் இந்தச் சோதனை செய்து அதைக் குறை சொல்லக்கூடாது.

பிறகு இன்ஜினை ஓடவிட்டு கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுங்கள். பேட்டரியில் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஹெட்லைட்டு, ஃபேன் எல்லாம் போட்டுவிட்டுப் பாருங்கள். அப்போதும் 13.5க்குக் குறையாமல் நின்றால் பெரும்பாலும் கவலையில்லை. இன்ஜின் ஓடும்போதும் 12.3, 12.2 என்று இறங்கிக்கொண்டே போனால் வரவே இல்லை, செலவு மட்டும்தான். 15ஐத் தாண்டினால் அது எதிர்ப்பக்கத்து ஆபத்து. ரெகுலேட்டர் போயிருக்கலாம். பேட்டரி தண்ணி சீக்கிரம் சீக்கிரம் வற்றும், பல்பு அடிக்கடி ஃபியூஸ் ஆகும், அழுகிய முட்டை நாற்றம் வரும். அந்த நாற்றம் வந்தால் வண்டியை நிறுத்திவிடுங்கள். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கக்கூடியது. புது மாடல் கார்களில் சிலவற்றில் ஆல்டர்னேட்டரை கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது, அதில் எண் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த வண்டிகளை ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

சரி, அந்த அக்கா கதைக்கு வருகிறேன். பூந்தமல்லி பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கொண்டுபோனோம். காலையில் பேட்டரி 12.1 காட்டியது. வண்டியை ஓடவிட்டு ஹெட்லைட் போட்டதும் 12.8. நானாக இருந்தால், "டைனமோ போச்சு" என்று சொல்லியிருப்பேன். அவர் சொல்லவில்லை. சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் மாட்டியிருக்கும் போல்ட்டிலும், கறுப்பை ஆல்டர்னேட்டர் உடம்பிலும் வைத்தார். 14.2 காட்டியது! ஆக, ஆல்டர்னேட்டர் ஒழுங்காகச் சம்பாதிக்கிறது. வீட்டுக்கு வந்து சேருவதற்குள் 1.4 வோல்ட் காணாமல் போகிறது. எங்கே?

அதையும் மீட்டர்தான் சொன்னது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு முனையை அதே போல்ட்டிலும், மறு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் வைத்தார். நல்ல வயராக இருந்தால் 0.2, 0.3க்குள் காட்ட வேண்டும். இதில் 1.3 காட்டியது. எர்த் பக்கம், அதாவது ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே, 0.1தான். ஆக, கோளாறு பிளஸ் வயரில். வண்டியை நிறுத்தி, முதலில் பேட்டரி மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு (இதை மறக்கவே கூடாது, அந்த போல்ட்டில் எப்போதும் கரண்ட் இருக்கும்), போல்ட்டில் இருந்த ரப்பர் மூடியை விலக்கினார். நட்டு லூஸ். வயர் முனை பச்சை பூத்து, பக்கத்து பிளாஸ்டிக் கருகியிருந்தது. புது முனை வைத்துத் தேய்த்து இறுக்கிக் கொடுத்தார், கூலியோடு ரூ.250. திரும்ப மீட்டர் வைத்தபோது பேட்டரியில் 14. அக்கா மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ அந்தப் பழைய பேட்டரியும் நல்லாத்தான் இருந்துச்சா மேடம்?" என்று கேட்டார். அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டார், என்ன சொல்ல?

எல்லா வண்டியிலும் வயர்தான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். பெல்ட் தளர்ந்து வழுக்கினாலும் சார்ஜ் ஏறாது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் "கீச்" என்று கத்தினால் பெல்ட்டைப் பாருங்கள். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், இது மலிவான வேலை. டயோடு போனால் நிறுத்தி வைத்த வண்டியிலேயே ராத்திரியில் பேட்டரி இறங்கும். டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கையும் கவனியுங்கள். சாவி போட்டதும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவில்லை என்றால் நல்லது என்று நினைக்காதீர்கள். பழைய கார்கள் பலவற்றில் அந்த பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடும். பல்பு ஃபியூஸ் ஆனால் சார்ஜும் நின்றுபோகலாம்.

நம்ம பகுதி கூவம் கரையில் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணியில் நின்ற வண்டிகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். சேற்றுத் தண்ணி ஆல்டர்னேட்டருக்குள்ளும் வயர் முனைகளிலும் போனால், அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பல மாதம் கழித்துத்தான் பச்சை பூக்கும். பழைய வண்டி வாங்கப் போகும்போது இதைக் கேளுங்கள், மீட்டரையும் கையோடு எடுத்துப் போங்கள். ஆடி மாதத்தில் காருக்கு சீரியல் லைட்டு, ஸ்பீக்கர் என்று மாட்டுகிறவர்களும் உண்டு. வண்டி நின்றிருக்கும்போது அதெல்லாம் எரிந்தால் செலவு முழுக்க பேட்டரி தலையில்தான்.

இன்னொரு விஷயம். வண்டி ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்த்து, "வண்டி நிக்கல, டைனமோ நல்லாருக்கு" என்று சொல்கிற பழக்கம் சில டிரைவர் தம்பிகளுக்கு இருக்கிறது. டைனமோ காலத்துப் பழக்கம் அது. இன்றைக்கு அப்படிச் செய்தால் வோல்டேஜ் எகிறி, ரெகுலேட்டரும் வண்டிக் கம்ப்யூட்டரும் சேர்ந்து போகலாம். உங்கள் வண்டியில் யாராவது கை வைத்தால் தடுங்கள். நீங்கள் பார்க்கும்போது முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, பின்னலை முடிந்துகொண்டு, வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் குனியுங்கள். ஓடுகிற பெல்ட் யாரென்று பார்க்காது.

கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு மீட்டர் வாங்கி வைத்திருக்கிறோம். நோட்டில் கையெழுத்துப் போட்டு இரண்டு நாளைக்கு எடுத்துப் போகலாம். காலையில் எவ்வளவு, ஸ்டார்ட் ஆகும்போது எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு என்று மூன்று எண்ணையும் தேதியோடு எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். அந்த அக்கா இப்போது பாஸ்புக்கின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். விட்ட தவணையை இரண்டு மாதத்தில் பிரித்துக் கட்டக் குழுவும் ஒத்துக்கொண்டது.

— கள ஒருங்கிணைப்பாளர்