நெட்டில் எடுத்த படம் யாருக்குச் சொந்தம்?

கூகுளில் ஒரு படத்தைத் தேடி, ரைட் கிளிக் செய்து, சேவ் செய்வது சில விநாடி வேலைதான். அதை உங்கள் டெஸ்க்டாப்பில் வால்பேப்பராக வைத்துக்கொள்ளும்வரை பெரிய சிக்கல் இல்லை. அதையே கடை நோட்டீசிலோ, யூடியூப் வீடியோவிலோ போடும்போதுதான் காப்பிரைட் என்ற விஷயம் குறுக்கே வருகிறது.

ஒரு போஸ்டரின் கதை

அமெரிக்காவில் 2008 அதிபர் தேர்தலின்போது ஷெப்பர்ட் ஃபேரி என்ற ஓவியர், பராக் ஒபாமாவின் முகத்தை சிவப்பு, நீல நிறங்களில் போஸ்டராக வடிவமைத்தார். உலகமே அதைப் பார்த்தது. அதற்கு மூலமாக இருந்தது, மேனி கார்சியா என்பவர் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்துக்காக 2006-ல் எடுத்த போட்டோ. ஃபேரி அதை இன்டர்நெட்டில் தேடி எடுத்திருந்தார்.

விவகாரம் கோர்ட்டுக்குப் போனபோது, தான் பயன்படுத்தியது வேறு போட்டோ என்று ஃபேரி சொன்னார். அதை நிரூபிக்கப் பொய் ஆவணங்களையும் உருவாக்கினார். காப்பிரைட் வழக்கு 2011-ல் சமரசமாக முடிந்தது. ஆனால் மூலத்தை மறைத்ததற்காக 2012-ல் அவருக்கு 25,000 டாலர் அபராதமும், 300 மணி நேர சமூக சேவையும் விதிக்கப்பட்டன. சிறைக்குப் போகாமல் தப்பினார்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 1957-ம் ஆண்டின் காப்பிரைட் சட்டம் நடைமுறையில் உள்ளது. படத்தை உருவாக்கியவுடனேயே உரிமை வந்துவிடும். பதிவு செய்யத் தேவையில்லை. படைத்தவரின் வாழ்நாள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும்.

கருத்துக்குக் காப்பிரைட் கிடையாது. மழையில் குடை பிடித்த சிறுமியை யார் வேண்டுமானாலும் வரையலாம். இன்னொருவர் வரைந்த அதே சிறுமியை, அதே கோணத்தில், அதே அமைப்பில் வரைந்தால் அது காப்பி.

பெயர் போட்டால் போதுமா?

போதாது. பெயர் போடுவது மரியாதை, அனுமதி வேறு. "நன்றி: கூகுள்" என்று போடுவதிலும் பயனில்லை. கூகுள் படத்தைத் தேடித்தான் தருகிறது, வரைந்தவர் வேறு ஒருவர்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. கூகுள் இமேஜஸில் டூல்ஸ், பிறகு யூசேஜ் ரைட்ஸ் சென்று, கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ் என்பதைத் தேர்வு செய்யுங்கள்.

2. படம் உள்ள தளத்துக்கே சென்று நிபந்தனையைப் படியுங்கள். 'பிஒய்' என்றால் பெயர் குறிப்பிட வேண்டும். 'என்சி' என்றால் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. 'என்டி' என்றால் படத்தை மாற்றி வெளியிடக் கூடாது.

3. படத்தின் தலைப்பு, படைத்தவர் பெயர், தள முகவரி, லைசென்ஸ், நீங்கள் செய்த மாற்றம் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள்.

4. லைசென்ஸ் எதுவும் தெரியவில்லையா? படைத்தவருக்கு இமெயில் அனுப்பி அனுமதி கேளுங்கள். பதில் வராவிட்டால் அது அனுமதி ஆகாது. வேறு படம் தேடுங்கள்.

5. படத்தை சேவ் செய்யும் ஃபோல்டரிலேயே, அதை எடுத்த முகவரியை நோட்பேடில் எழுதி வையுங்கள். நாளை யாராவது கேட்டால் மறைக்க வேண்டிய அவசியமே இருக்காது.