சிறுபொருளிற் பழங்காசு தொகுத்தல்

கல்மணித் தொழிலாற் பண்டு பெயர்பெற்ற கொடுமணல், பெருந்துறை வட்டத்தே உள்ளது. அதன் தொன்மை அறிந்த மாணாக்கர்க்குப் பழங்காசு தொகுக்கும் வேட்கை எழுதல் இயல்பே. ஆயின் வெள்ளியின் விலை ஏறுந்தோறும் பழைய ரூபாயின் விலையும் உடன் ஏறுகின்றது. 1939 வரை அடிக்கப்பெற்ற ரூபாயில் நூற்றுக்கு 91 பங்கிற்கு மேல் வெள்ளி உண்டு. 1940 முதல் அது பாதியாயிற்று. 1947-இல் நிக்கல் ரூபாய் வந்தது.

ஆதலின் சிறுபொருளுடையார் செம்புக் காலணா, 1943-இல் வெளிவந்த துளைக்காசு, 1957-இல் தோன்றிய நயா பைசா இவற்றினின்று தொடங்குதல் நன்று. காசினைப் புளியிட்டுத் துலக்கலாகாது. துலக்கின் பழமைப் பொலிவும் விலையும் ஒருங்கே குன்றும்.

நிலத்திற் புதைந்து கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைத்தாயின், 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டப்படி மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் கடன். அதனை உருக்குவோர் பெறுவது உலோகம் ஒன்றே. அதிற் பொறித்த வரலாறோ மீளாது அழியும்.