'பிசியோதெரபி தொடரவும்': மீதி விவரம் எங்கே?

பக்கவாதம் வந்தவரை வீட்டுக்கு அழைத்து வருபவர்கள் மருந்துச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட் வந்து, "அங்கே என்ன பயிற்சி கொடுத்தார்கள்? கையை எவ்வளவு தூக்கினார்?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரியில் 'பிசியோதெரபி தொடரவும்' என்று இருக்கும். அவ்வளவுதான்.

விவரம் பெரும்பாலும் மருத்துவமனைக் கணினியில் இருக்கிறது. சாப்பிடுவது, கழிப்பறை போவது, படியேறுவது என அன்றாட வேலைகளுக்கு 100-க்கு மதிப்பெண் போடும் 'பார்தெல்' (Barthel) அளவுகோல் உண்டு. வெளியேறும்போது 40, ஒரு மாதம் கழித்தும் 40 என்றால் பயிற்சியை மாற்ற வேண்டும். 65 என்றால் சரியான பாதைதான். முதல் எண் கையில் இல்லாவிட்டால் இரண்டாவது எண்ணை எதனோடு ஒப்பிடுவது?

இடுப்பெலும்பு முறிந்து அறுவை செய்தவர்களுக்கு ஆபத்து இன்னும் நேரடியானது. காலை முழுதாக ஊன்றலாமா, பாதி எடையா, ஊன்றவே கூடாதா? இந்த ஒரு வரி இல்லாமல் சிலரை அவசரப்பட்டு நிற்க வைக்கிறார்கள். சிலரைப் பயந்து படுக்கையிலேயே விட்டுப் புண் வரவைக்கிறார்கள்.

ஆகவே வெளியேறும் முன்பே எழுதிக் கேளுங்கள். மருத்துவக் கண்காணிப்பாளர் பெயருக்கு வெள்ளைத் தாளில் ஒரு மனு போதும். உள்நோயாளி எண், சேர்ந்த தேதி, வெளியேறும் தேதி குறிப்பிடுங்கள். சம்மரி மட்டும் போதாது. பிசியோதெரபி பதிவுகள், அறுவை சிகிச்சைக் குறிப்பு, ஸ்கேன் சிடி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நோயாளியால் வர முடியாவிட்டால் அவர் கையெழுத்தோ கைரேகையோ உள்ள அதிகாரக் கடிதம் வேண்டும். மனுவின் நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் நகராதீர்கள்.

"அதெல்லாம் தர மாட்டோம்" என்பார்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தந்தாக வேண்டும். இழுத்தடித்தால், அரசு மருத்துவமனை என்றால் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் ஆர்.டி.ஐ. மனு, தனியார் என்றால் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் புகார். காசு கட்டிப் பெற்ற சிகிச்சைக்கு நுகர்வோர் ஆணையமும் உண்டு, 2 ஆண்டுகளுக்குள். உள்நோயாளிப் பதிவை 3 ஆண்டு வைத்திருப்பதுதான் அந்த விதியில் கட்டாயம். அதன் பிறகு போய் நின்றால் கிடைக்கும் என்று உறுதியில்லை.

14 இலக்க 'ஆபா' (ABHA) சுகாதாரக் கணக்கு எண் எடுத்துவிட்டதால் எல்லாம் தானாகச் சேர்ந்துவிடும் என்று நம்பி உட்காராதீர்கள். சிகிச்சை தந்த மருத்துவமனை பதிவை அதோடு இணைத்திருக்க வேண்டும். அடுத்தவர் பார்க்க உங்கள் ஒப்புதலும் வேண்டும். கேட்பவர் யாரென்று தெரியாமல் ஓ.டி.பி. சொல்லாதீர்கள்.

பதிவு கையில் வந்ததும் பாதிக்கப்பட்ட பக்கம் இடதா வலதா என்று சரியாக இருக்கிறதா முதலில் பாருங்கள். முந்தைய நாள் குறிப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டும் பழக்கம் கணினியில் சகஜம். ஒருமுறை விழுந்த பிழை பத்து நாளும் ஓடும். தவறு கண்டால் அன்றே எழுத்தில் கொடுத்துத் திருத்தி வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள்.